மூட்டத்தில் கேட்ட மேட்சுகள்

1

போன வாரம் செல்வராஜிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல்செய்தி வந்தது. செல்வராஜ் எங்கள் கொடைக்கானல் காலேஜ் ஃபுட்பால் டீமின் அந்தக் காலத்துக் கேப்டன். இப்போது பூம்பாறையில் பூண்டு வியாபாரம் செய்கிறான்.

"தேவி, நல்லாருக்கியா? டீம் ஆரம்பிச்சு அம்பது வருசமாச்சு. மலர் ஒண்ணு போடலாம்னு இருக்கோம். நம்ம டீம் ஆடுனதுல ஒனக்குப் புடிச்ச மேட்ச் எதுன்னு வெரசா எழுதி அனுப்பு. ஒன்ன மாதிரி விடாம மேட்ச் பாத்த ஆளு வேற யாரும் இல்ல."

பார்த்த ஆளாம். கொடைக்கானலில் ஒரு மேட்சை முழுசாகப் பார்த்தவர் உண்டா என்று அவனையே கேட்க வேண்டும். மத்தியானம் திரும்பினால் மூட்டம் இறங்கிவிடும். எதிர்க் கோல்போஸ்ட் முதலில் போகும், பிறகு நடுமைதானம், பிறகு நம் பக்கத்தில் நிற்பவரின் முகம். நாங்கள் மேட்ச் பார்க்கவில்லை, கேட்டோம்.

அந்தக் குரல்செய்தியை நான் காருக்குள் உட்கார்ந்து கேட்டேன். கனடாவின் கிழக்குக் கோடியில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற செயின்ட் ஜான்ஸ் ஊரில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. என் வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். வீட்டில் நானும் மகள் யாழினியும்தான். யாழினிக்குப் பதினாலு வயது. இங்கே ஒரு கிளப் டீமுக்குக் கோல்கீப்பர். அவள் ஆடிக்கொண்டிருந்தாள், நான் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் காருக்குள் என்றால், வெளியே இறங்கக் கூடாது என்பது மகளின் உத்தரவு.

போன வருசம் வரை கோட்டோரம்தான் நிற்பேன். ஒரு மேட்சில் உணர்ச்சிவசப்பட்டு, "விடாதடி, புடி, புடி!" என்று கத்திவிட்டேன். கொடைக்கானல் தொண்டை, இந்த ஊர்க் காற்றையும் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள் அதே மாதிரி கத்திக் காட்டிச் சிரித்தார்களாம். அதோடு கிளப்பிலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் ஒரு மின்னஞ்சல். கைதட்டலாம், விளையாடுகிறவர்களுக்கு யோசனை சொல்லக் கூடாது. என் பெயர் அதில் இல்லை. இருந்தாலும் படிக்கும்போது காது சுட்டது.

"இனிமே மேட்சுக்கு வராதம்மா," என்றாள் யாழினி. நான் முகத்தைத் தொங்கப்போட்டதைப் பார்த்து, "வந்தா கார்லயே இரு. ப்ளீஸ்," என்றாள். அந்த ப்ளீஸ்தான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

2

என் முதல் மேட்சைச் சொல்கிறேன்.

பூம்பாறையிலிருந்து தினமும் வெள்ளனே பஸ் ஏறி காலேஜுக்கு வருவேன். முதல் வருசம். ஒருநாள் மூட்டம் அதிகம் என்று சாயங்கால பஸ் கிளம்பவில்லை. டிரைவர் ஸ்டியரிங் மேல் கையைப் போட்டுக்கொண்டு, "மேகம் வெலகட்டும்மா, அதுக்குள்ள ஒரு சோலி இருந்தா முடிச்சிட்டு வா," என்றார். எனக்கு ஒரு சோலியும் இல்லை. சும்மா நடந்தேன். காலேஜ் மைதானத்துப் பக்கம் ஒரே சத்தம்.

"பேரி... பேரி... பேரி..."

கொஞ்ச நேரம் நின்று, "டேங்க்! டேங்க்!"

கிட்டே போனால் வெள்ளையாக இருக்கிறதே தவிர ஒன்றும் இல்லை. தைல மர வாசனை, ஈரப் புல், எங்கேயோ ஓடுகிற கால்கள். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒருவன் நின்றான். அது செல்வராஜ். அடிபட்டதால் அன்றைக்கு ஆடவில்லை.

"என்னங்க நடக்குது?" என்று கேட்டேன்.

"மேட்ச்சுங்க. திண்டுக்கல்லு டீமு வந்துருக்கு."

"ஒண்ணும் தெரியலையே."

"பாத்தா தெரியாதுங்க. சும்மா நின்னு கேளுங்க."

அப்புறம் அவனே விளக்கினான். மைதானத்துக்கு ஒரு பக்கம் பேரிக்காய் மரம், எதிர்ப் பக்கம் தண்ணீர் டேங்க். பந்து எந்த ஓரமாக வருகிறதோ, அந்த ஓரத்தில் நிற்கிறவர்கள் அதன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். எங்கள் கீப்பர் சகாயம் அதைக் கேட்டுத்தான் நகர்வான். யாரும் கூடி உட்கார்ந்து முடிவு செய்த ஏற்பாடு இல்லை. மூட்டத்தில் ஆடி ஆடித் தானாக வந்த பழக்கம். கீழேயிருந்து வருகிற டீம்காரர்கள், இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன, பேரிக்காய் மேல் இவ்வளவு ஆசையா என்று நினைப்பார்களாம்.

கொஞ்ச நேரத்தில் நானும் கத்திக்கொண்டிருந்தேன். யார் சொல்லிக் கத்தினேன் என்று தெரியாது. வீட்டில் சத்தமாகப் பேசினாலே அப்பா ஒரு பார்வை பார்ப்பார். இங்கே என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி, வெள்ளைக்குள் போய், முகம் தெரியாத ஒருத்தன் அதை நம்பி நகர்கிறான். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது? எனக்கு அழுகை வந்தது.

ஒரு கோல் போட்டு ஜெயித்தோம். யார் போட்டது என்று இன்றைக்கு வரைக்கும் தீரவில்லை. மூன்று பேர் நான்தான் என்கிறார்கள்.

3

யாழினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பூங்காவில் இருவரும் ஆடுவோம். இந்த ஊரிலும் கோடை வந்தால் கடலிலிருந்து மூட்டம் ஏறிவரும். மற்ற தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நான் அப்போதுதான் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். வேலியோரம் ஒரு மேப்பிள் மரம். அதற்குப் பேரி என்று பெயர் வைத்தோம். அது அவளுக்கு இடதுகைப் பக்கம். வலதுகைப் பக்கம் ஒரு குப்பைத்தொட்டி, அது டேங்க். நான் பந்தைத் தள்ளிக்கொண்டே கத்துவேன், அவள் விழுந்து பிடிப்பாள். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும்போது அந்த மேட்சுகளையெல்லாம் கதையாகச் சொல்வேன். "சகாயம் அங்கிள் கதை சொல்லு," என்பாள். சோறு இறங்க வேண்டுமென்றால் சகாயம் அங்கிள் வர வேண்டும்.

பிறகு பள்ளிக்கூடம், சிநேகிதிகள். யாழினி என்ற பெயர் யாஸ் ஆனது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். கொஞ்ச நாளில் பதிலும் குறைந்துபோனது. "சரிம்மா"தான் மிஞ்சியது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு சரிம்மா, வந்ததும் ஒரு சரிம்மா. நான் பேசும் இங்கிலீஷைத் திருத்திக்கொண்டிருந்தவள், இப்போது திருத்துவதுகூட இல்லை. விட்டுவிட்டாள்.

கிளப்பில் என்னை மிசஸ் கருப்பசாமி என்று கூப்பிடுகிறார்கள். அது என் அப்பா. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னபோது கடைசிப் பெயராகப் போய் உட்கார்ந்துகொண்டார். பூம்பாறையில் சத்தம் போடாதே என்று பார்வையால் அடக்கிய மனுசன், இங்கே என் பெயராகவே வந்துவிட்டார் பாருங்கள். மகளும் சத்தம் போடாதே என்கிறாள். நடுவில் காலேஜ் மைதானத்தில் மட்டும் எனக்குத் தொண்டை இருந்தது.

4

இரண்டாவது மேட்சில் நாங்கள் தோற்றோம். ஆனாலும் பிடிக்கும்.

மதுரையில் ஃபைனல். சகாயம் வந்து எங்களிடம் கெஞ்சினான். அவன் குடும்பம் சிலோன் தோட்டத்திலிருந்து வந்து மலையில் குடியேறியது. பேச்சில் அந்தச் சாயல் கொஞ்சம் இருக்கும்.

"எல்லாரும் வாங்க. சத்தம் இல்லாம என்னால ஆட ஏலாது."

"அங்க மூட்டமே இருக்காதுடா. வெயில் கொளுத்தும். கண்ணத் தொறந்து பாரு, பந்து வரும்," என்றான் செல்வராஜ்.

"பாத்துப் பழக்கமில்லயே."

பொய் சொல்லவில்லை அவன். பந்தைப் பார்ப்பதற்கு முன்னால் காதைத் திருப்புவான். அதனால் ஒரு பஸ் பிடித்து எல்லோரும் இறங்கினோம். வத்தலக்குண்டு தாண்டியதுமே ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். மதுரை மைதானத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை புல்லும் புழுதியும் பளிச்சென்று தெரிகிறது. எனக்கு என்னவோ, மேட்சைத் துணியில்லாமல் பார்க்கிற மாதிரி கூச்சமாக இருந்தது.

எங்களை மேற்குப் பக்கம் உட்காரவைத்தார்கள். ஆட்டம் ஆரம்பித்தது. பந்து எங்கள் ஓரமாக வந்தது. பாதிப் பேர் "பேரி!" என்று கத்தினார்கள். பாதிப் பேர் "டேங்க்!" என்று கத்தினார்கள்.

இதில் ஒருத்தர்மேலும் தப்பில்லை. எங்கள் ஊரில் பேரி மரம் கிழக்கே இருக்கிறது. அதனால் கிழக்குதான் பேரி என்பது பாதிப் பேர் கணக்கு. ஆனால் மீதிப் பேர் எப்போதும் நிற்பது பேரி மரத்தடியில். அதனால் நாம் நிற்கிற பக்கம்தான் பேரி என்பது அவர்கள் கணக்கு. மதுரையில் பேரி மரமும் இல்லை, டேங்கும் இல்லை. கிளம்பும்போது ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை. மரத்தை மலையிலேயே விட்டுவிட்டு அதன் பெயரை மட்டும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம்.

சகாயம் நடுவில் நின்று எங்களைப் பார்த்தான். கண்ணுக்கு முன்னால் பந்து வருகிறது, நல்ல வெயில், ஆனாலும் அவன் எங்கள் குரலைத்தான் நம்பினான். ஒரு பக்கம் விழுந்தான். பந்து மறுபக்கம் போனது. அன்றைக்கு எத்தனை கோல் வாங்கினோம் என்பதை மலரில் போட வேண்டாம்.

திரும்பும்போது வத்தலக்குண்டில் டீ குடிக்க பஸ் நின்றது. எல்லோரும் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தோம். சகாயம்தான் சிரித்தான்.

"யாரப் போய் ஏச? எல்லாரும் சரியாத்தான் கத்துனீங்க."

காட் ரோட்டில் பாதி தூரம் ஏறியதும் மூட்டம் வந்து பஸ்ஸை மூடியது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை. அப்போதுதான் எல்லோருக்கும் மூச்சு வந்த மாதிரி இருந்தது. பின் சீட்டில் யாரோ மெதுவாக "பேரி" என்றார்கள். பஸ் முழுக்கச் சிரித்தது.

5

அதற்கு அடுத்த மேட்ச்தான் என் மூன்றாவது.

மதுரையில் பட்டது செல்வராஜுக்கு உறைத்திருந்தது. "கத்துறவங்க கோலுக்குப் பின்னாடி நிக்கணும். கீப்பர் பாக்குற தெசைய நாமளும் பாத்தா அவன் எடது நமக்கும் எடது. மரமும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றான்.

பையன்கள் யாரும் போகவில்லை. கோலுக்குப் பின்னால் நின்றால் பந்து மூஞ்சியில் அடிக்கும், கூட்டத்தோடு நிற்கிற கும்மாளமும் கிடையாது. நான் போகிறேன் என்றேன். பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு என்று ஒருவன் முனகினான். அவனைக் கூட்டிப் போய் நிறுத்தியிருந்தால் முதல் பந்துக்கே ஓடியிருப்பான்.

அன்றைக்கு மாதிரி மூட்டம் அதற்கப்புறம் பார்க்கவில்லை. வலை தெரிகிறது, வலைக்கு அந்தப் பக்கம் சகாயத்தின் முதுகு தெரிகிறது, அதற்கப்புறம் உலகம் இல்லை. கோட்டோரத்துக் குரல்கள் தூரத்திலிருந்து "பேரி... பேரி..." என்று வரும். நான் அதைக் கேட்டு, "எடது, எடது, கிட்ட வந்துட்டான்," என்று அவன் முதுகுக்குச் சொல்வேன். கத்தவே வேண்டியதில்லை. பேசினாலே போதும். அவன் திரும்பிப் பார்க்கமாட்டான். கேட்டுவிட்டது என்பதற்கு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து கட்டைவிரலைக் காட்டுவான். வெள்ளைக்குள்ளிருந்து பந்து திடீரென்று பிறந்து வரும், அவன் ஏற்கெனவே அங்கே இருப்பான்.

ஒரு கோலும் விழவில்லை. நாங்களும் போடவில்லை. ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. ஆட்டம் முடிந்து எல்லோரும் டீக்கடைக்குப் போன பிறகும் நான் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதலா என்று கேட்காதீர்கள். அவன் வட்டக்கானலில் கெஸ்ட்ஹவுஸ் நடத்துகிறான், மூன்று பிள்ளைகள், இன்னமும் எனக்குத் தம்பி மாதிரிதான். ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் கண்ணாக இருப்பது ஒரு பெரிய சந்தோசம். அதற்கு வேறு பெயர் தேவையில்லை.

6

இந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

யாழினிக்கு முக்கியமான மேட்ச். காரில் போகும்போது, "கார்லயே இருப்பல்ல?" என்றாள். "இருப்பேன்," என்றேன். "சரிம்மா."

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது துறைமுகத்துப் பக்கமிருந்து மூட்டம் ஏறியது. எதிர்க் கோல்போஸ்ட் போனது. நடுமைதானம் போனது. கார் கண்ணாடியில் பொடிப்பொடியாக ஈரம் கட்டியது, வைப்பரைப் போட்டும் பயனில்லை. ரெஃப்ரி கொஞ்ச நேரம் நிறுத்தினார். லேசாக விலகியதும் ஆடச் சொன்னார். உடனே முன்னைவிட மோசமாக வந்து மூடியது.

நான் கண்ணாடியை இறக்கினேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை தாய் தகப்பன் கோட்டோரம் நிற்கிறார்கள், ஒருத்தர் வாயிலும் ஒரு வார்த்தை கிடையாது. உள்ளே பிள்ளைகள் குருடாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கைதட்டலாம் என்று மின்னஞ்சலில் இருக்கிறது, எதைப் பார்த்துத் தட்டுவது?

கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். வாயைத் திறக்கக் கூடாது, சும்மா கிட்டே போய் நிற்கலாம் என்றுதான் போனேன். கோட்டோரம், கோலுக்குச் சற்றுத் தள்ளி நின்றேன். யாழினி ஒரு நிழல் மாதிரி தெரிந்தாள். கால் மாற்றி மாற்றி நின்றாள். பயந்திருக்கிறாள் என்று அந்த நிற்பிலேயே தெரிந்தது.

அப்போது வெள்ளைக்குள்ளிருந்து குரல் வந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சுத்தமான தமிழில்.

"அம்மா! பேரியா, டேங்கா?"

நான் காரில் இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்காது. காருக்கே கேட்கட்டும் என்று கத்தியிருக்கிறாள்.

பந்து என் ஓரமாக வந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னாலேயே ஒரு பிள்ளை அதைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். எத்தனை வருசத்துத் தொண்டை அது. கத்தினேன்.

"பேரி! பேரி! பேரி!"

யாழினி பாய்ந்தாள். முழு உடம்பையும் கொடுத்து, அழகாக, இடது பக்கம். பந்து வலது பக்கமாகப் போய் வலையில் விழுந்தது.

7

என் கணக்கில் நான் நிற்கிற பக்கம் பேரி, அது அவளுக்கு வலதுகைப் பக்கம். அவள் கணக்கில் இடதுகைப் பக்கம் பேரி. மதுரை வெயிலில் பார்த்த அதே கூத்து, கடல் தாண்டி வந்து, மகள் தலையில் விழுந்திருக்கிறது. அந்த ஒரு கோலில் அவள் டீம் தோற்றது.

காரில் ஏறி உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றவில்லை. நான் வண்டியை எடுக்கவில்லை. இனி காரில்கூட வராதே என்று சொல்லப் போகிறாள், சொல்லட்டும், என்ன செய்வது என்று ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சிரு கண்ணு," என்றேன்.

திரும்பிப் பார்த்தால் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள், எனக்கும் தொற்றிக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். கார் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் ஆவி படிந்துவிட்டது.

"நீ ஏன்மா சைடுல நின்ன?" என்றாள். தமிழ் கொஞ்சம் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. "கோலுக்குப் பின்னாடில நிக்கணும். நீதான சொன்ன. சகாயம் அங்கிள் கதைல. பின்னாடி நின்னா என் லெஃப்ட் உனக்கும் லெஃப்ட்."

எந்தக் காலத்திலோ சோறு ஊட்டும்போது சொன்ன கதை. வாயைத் திறக்க வைப்பதற்காகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது.

"பின்னாடி நிக்க விடுவாங்களாடி?" என்றேன்.

"பந்து எடுத்துப் போடுற வாலண்டியர் நிக்கலாம். கோச்சுக்கிட்ட கேட்டுட்டேன். நீ கத்தக் கூடாது. மெதுவாப் பேசு. எனக்கு மட்டும் கேட்டா போதும்."

எப்போது கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. வண்டியை எடுத்தேன்.

செல்வராஜ், நீ கேட்டது நம் காலேஜ் டீம் மேட்ச். மூன்று எழுதிவிட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்த மேட்ச் நாலாவது, அது உன் மலரில் சேராது. சகாயத்துக்கு மட்டும் படித்துக் காட்டு. யாரப் போய் ஏச என்று சிரிப்பான்.

இங்கே பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிற வாலண்டியருக்குப் போலீஸ் சான்றிதழ் வேண்டும். பந்து பொறுக்கிப் போடுவதற்கும்தான். அதற்காக இன்று லேபில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு போலீஸ் ஸ்டேஷன் போனேன். கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண். "மிசஸ் கருப்பசாமி" என்று கஷ்டப்பட்டுப் படித்தாள். இதற்கு முன் குற்றம் ஏதாவது செய்ததுண்டா என்றாள். இல்லை என்றேன். சனிக்கிழமை ஒரு கோல் விழ வைத்தது இதில் சேராது என்று நினைக்கிறேன்.

"என்ன வேலைக்காக இந்தச் சான்றிதழ்?" என்று கேட்டாள்.

"என் மகளுக்குப் பின்னால் நிற்கிற வேலை," என்றேன்.